ரயில் முந்தியா, வீடு முந்தியா

1931ஆம் ஆண்டு ஏப்ரல் 2ஆம் தேதி சென்னை மாகாண ஆளுநர் சர் ஜார்ஜ் ஃபிரெடரிக் ஸ்டான்லி, கடற்கரை–தாம்பரம் மின்சார ரயில் பாதையைத் தொடங்கி வைத்தார். மே 11 முதல் வண்டிகள் ஒழுங்காக ஓடத் தொடங்கின. தென்னிந்திய ரயில்வேயின் மீட்டர் கேஜ் பாதை அது. தலைக்கு மேலே ஓடிய கம்பியில் 1,500 வோல்ட் நேர்மின்சாரம். பம்பாய்க்கு 1925இலேயே மின்சார ரயில் வந்துவிட்டது. ஆனால் பம்பாயில் கூட்டம் முதலில் இருந்தது, வண்டி பிறகு வந்தது. சென்னையில் சைதாப்பேட்டையைத் தாண்டினால் ஏரியும் வயலும் பரங்கிமலைப் பட்டாள முகாமும்தான். பல்லாவரத்துக்குத் தெற்கே ஆள் நடமாட்டமே குறைவு. அந்த வறண்ட இடங்களெல்லாம் வேகமான மின்சார ரயிலால் தோட்ட நகரங்களாகச் செழிக்கும் என்ற நம்பிக்கையை ஆளுநர் தன் பேச்சில் சொன்னார்.

தோட்ட நகரம் வந்ததா என்பது வேறு விஷயம். ஆட்கள் குடிவருவதற்கு முன்பே அவர்களுக்கான வண்டி வந்துவிட்டது என்பதைத்தான் நான் முக்கியமாக நினைக்கிறேன். சென்னைப் புறநகரின் தொண்ணூறு வருடக் கதையில் அந்த ஒரு காரியம் சரியான வரிசையில் நடந்தது. அதற்குப் பிறகு நடந்த பல காரியங்களில் வரிசை தலைகீழ். இந்தப் பாதையை ஒட்டியே பிறந்து, வளர்ந்து, கடற்கரை ஸ்டேஷனுக்கு அருகே ஓர் அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் என்பதால் இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுத நினைக்கிறேன்.

மாம்பலத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டும். நகரின் மேற்கே நுங்கம்பாக்கம் தொடங்கிச் சைதாப்பேட்டை வரை நீண்டு கிடந்தது ஒரு பெரிய ஏரி. 1920இல் நகரமைப்புச் சட்டம் வந்தது. நீதிக்கட்சி ஆட்சிக் காலத்தில் அந்த ஏரியின் நீரை வடித்து, தெரு பிரித்து, மனைகளாக்கினார்கள். 1925இல் மறைந்த சர் பிட்டி தியாகராயரின் பெயரைப் புதிய பகுதிக்கு வைத்தார்கள். நடுவில் பனகல் பூங்கா. ஆறு வருடம் கழித்து மின்சார ரயில் வந்தபோது, அகலமான தெருக்களோடு தியாகராய நகர் ஆளுக்காகக் காத்திருந்தது. பாதைக்கு மேற்கே மேற்கு மாம்பலம் சின்னச் சின்ன வீடுகளாக, போர்ஷன்களாக நிரம்பியது. ஏரியை மனையாக்கும் பழக்கமும் இங்கேதான் அரசின் கையெழுத்தோடு வேர் பிடித்தது. அதன் விலையைப் பின்னால் வேறு ஊர்கள் கொடுத்தன.

தெற்கே இருந்த ஸ்டேஷன்களுக்கு ஒவ்வொன்றாக ஒரு காரணம் வந்து சேர்ந்தது. காற்று நல்ல காற்று என்று டாக்டர் சௌரி முத்து 1928இல் தாம்பரத்துக்கு அருகே காசநோயாளிகளுக்கு ஒரு சானடோரியம் தொடங்கினார். பின்னாளில் அரசு அதை எடுத்துக்கொண்டது. இன்றும் அந்த ஸ்டேஷன் பெயரில் சானடோரியம் நிற்கிறது. இருபதாம் நூற்றாண்டின் ஆரம்பத்தில் ஆல்ஃபிரட் சாட்டர்டன் குரோம் முறையில் தோல் பதனிடச் சென்னையில் சோதனைகள் செய்தார். அதன் வழியாக உருவான குரோம் லெதர் கம்பெனி பல்லாவரத்தை அடுத்து வந்து உட்கார, அதைச் சுற்றி வளர்ந்த ஊர் குரோம்பேட்டை. 1937இல் சென்னைக் கிறித்தவக் கல்லூரி ஜார்ஜ் டவுன் நெரிசலை விட்டுத் தாம்பரத்துக் காட்டுக்கு மாறியது. அங்கே இன்று நிற்கும் மரங்களில் பலவற்றைப் பேராசிரியர் பார்ன்ஸும் அவர் மனைவியும் நட்டார்கள். 1949இல் சி. ராஜம் தன் வீட்டை விற்ற பணத்தைப் போட்டுக் குரோம்பேட்டையில் எம்.ஐ.டி.யைத் தொடங்கினார். அப்துல் கலாமும் எழுத்தாளர் சுஜாதாவும் படித்த இடம். ஆஸ்பத்திரி, தொழிற்சாலை, கல்லூரி என்று மூன்றும் வந்தது மலிவான நிலத்தையும், அதற்குப் பக்கத்தில் ஓடிய ரயிலையும் நம்பித்தான்.

அப்பாவும் அதையே நம்பினார். கும்பகோணம் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்து, பாரிமுனையில் ஒரு கம்பெனியில் கணக்கெழுதினார். மேற்கு மாம்பலத்தில் ஒரு போர்ஷனில் குடியிருந்தோம். ஆறு குடித்தனத்துக்கு ஒரு கிணறு, இரண்டு கக்கூஸ். நான் அங்கேதான் பிறந்தேன். வாடகை ஏறிக்கொண்டே போனது. தம்பியும் பிறந்த பிறகு அம்மா பிடிவாதமாகச் சொன்னாளாம்: "எங்கயாவது ஒரு குழி நிலமாவது சொந்தமா வேணும். கூட ரெண்டு ஸ்டேஷன் போனா என்ன?" அறுபதுகளின் நடுவில் அப்பா குரோம்பேட்டை ராதா நகரில் ஒரு கிரவுண்டு வாங்கினார். ஒரு கிரவுண்டு என்றால் 2,400 சதுர அடி. விலை அவருடைய ஒரு வருடச் சம்பளத்துக்குச் சற்று மேலே. அம்மாவின் வளையல்கள் சேட்டுக் கடைக்குப் போயின. வீடு கட்ட இன்னும் நாலு வருடம் ஆனது. முதலில் ஓர் அறையும் ஓலைச் சார்ப்பும், பிறகு ஓட்டு வீடு, நான் கல்லூரிக்குப் போகும்போது தளம். அந்தக் காலத்தில் குரோம்பேட்டை, நங்கநல்லூர், பல்லாவரம் பக்கம் வீடு கட்டிய குமாஸ்தாக்கள், வாத்தியார்கள், ரயில்வேக்காரர்கள் எல்லாரும் இப்படி அறை அறையாகத்தான் கட்டினார்கள். வங்கிக் கடன் அவர்களுக்கு எட்டாத விஷயம். மாதச் சம்பளத்தில் மிஞ்சியது செங்கல்லானது. அது மிஞ்சியதே சீசன் டிக்கெட் மலிவாக இருந்ததால்தான். இதை நான் பலமுறை யோசித்திருக்கிறேன். அப்பாவுக்குப் போக்குவரத்துச் செலவு என்று தனியாக ஒரு தலைப்பு வீட்டுக் கணக்கு நோட்டில் கிடையாது. "சீசன்" என்று ஒரு வரி இருக்கும், பால் கணக்குக்குக் கீழே, பால் கணக்கைவிடச் சிறிய தொகையில்.

குறைகளும் இருந்தன. தண்டவாளம் ஊரை இரண்டாகப் பிளந்தது. ஜி.எஸ்.டி. ரோடுக்கும் ராதா நகருக்கும் நடுவே ரயில்வே கேட். வண்டிகள் கூடக் கூட கேட் மூடியே கிடக்கும். பிரசவ வலியோடு ரிக்‌ஷாவில் காத்திருந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அங்கே ஒரு சுரங்கப்பாதை வேண்டும் என்று மனுக் கொடுத்தவர்களின் பேரப்பிள்ளைகள் பெரியவர்களான பிறகும் அந்த வேலை இழுத்துக்கொண்டிருந்தது. தண்ணீர் இன்னொரு துக்கம். நாங்கள் போன புதிதில் கிணற்று நீர் இளநீராக இருந்தது. நாகல்கேணி, பல்லாவரம் தோல் பதனிடும் ஆலைகளின் கழிவு வருடக்கணக்கில் மண்ணில் இறங்கி, கிணறு கிணறாக உப்பும் கசப்பும் ஏறின. பொதுச் சுத்திகரிப்பு நிலையம் தொண்ணூறுகளில்தான் வந்தது. அதற்குள் அம்மா பருப்பு வேகவில்லை என்று தண்ணீரைச் சபிக்கப் பழகிவிட்டாள். ஊருக்குப் பெயர் கொடுத்த தொழிலே ஊரின் கிணறுகளையும் எடுத்துக்கொண்டது.

1967இல் கம்பியில் ஓடிய நேர்மின்சாரத்தை 25,000 வோல்ட் மாறுமின்சாரமாக மாற்றினார்கள். பெரம்பூர் ஐ.சி.எஃப். கட்டிய புதுப் பெட்டிகள் வந்தன. ஆனால் பாதை அதே மீட்டர் கேஜ். ஆயிரம் மில்லிமீட்டர் இடைவெளித் தண்டவாளத்தில் குறுகிய பெட்டிகள், எதிரெதிர் சீட்டில் முழங்கால் இடிக்கும். எழுபதுகளின் கடைசியில் நான் வேலைக்குச் சேர்ந்தபோது, லேடீஸ் கம்பார்ட்மென்டில் நிற்க இடம் கிடைப்பதே காலையின் முதல் வெற்றி. உட்கார்ந்தவர்கள் சும்மா வரமாட்டார்கள். அவரைக்காய் நறுக்குவார்கள், கீரை ஆய்வார்கள், பூ தொடுப்பார்கள். மாம்பலத்தில் ஏறும் ஒரு டெலிபோன் ஆபரேட்டர் அக்காதான் எனக்குப் பதவி உயர்வுத் தேர்வுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தார், அங்கிருந்து கோட்டை வரை நின்றுகொண்டே. எழும்பூர் வந்தால் சீட்டு கைமாறும். யாருக்கு அடுத்தது என்று எழுதாத வரிசை ஒன்று உண்டு. வேலைக்குப் போகும் பெண்கள் பெருகியதற்குப் படிப்பைக் காரணமாகச் சொல்கிறார்கள். படித்த பெண்ணை அப்பா அம்மா பயமில்லாமல் இருபது கிலோமீட்டர் தனியே அனுப்பியதற்கு, தெரிந்த முகங்கள் நிறைந்த அந்தப் பெண்கள் பெட்டியும் ஒரு காரணம். அதை எந்த அரசு அறிக்கையிலும் நான் கண்டதில்லை, ஆனால் என் வயதுப் பெண்கள் யாரும் மறுக்க மாட்டார்கள்.

அகலப் பாதைக்கு மாறும் வேலை தொண்ணூறுகளில் நடந்து, 2004இல் புறநகர் மீட்டர் கேஜ் வண்டிகள் நின்றுபோயின. எழுபத்துமூன்று வருடம் ஒரே அகலத்தில் ஒரு நகரத்தைச் சுமந்த பாதை அது. அதற்குள் நகரம் தாம்பரத்தைத் தாண்டி எங்கேயோ போய்விட்டிருந்தது.

எனக்குக் கல்யாணமான 1982இல் குரோம்பேட்டையில் நிலம் வாங்க எங்களால் முடியவில்லை. கிழக்குத் தாம்பரத்தில் சேலையூர் பக்கம் அரைக் கிரவுண்டு வாங்கினோம். எங்களுக்குப் பின்னால் வந்தவர்கள் பெருங்களத்தூர், வண்டலூர், ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி என்று போனார்கள். வண்டலூரில் 1985இல் உயிரியல் பூங்கா திறந்தபோது நாங்கள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு சுற்றுலா போவதுபோல் போனோம். அங்கே குடியிருக்கப் போவோம் என்று யாரும் நினைக்கவில்லை. தாம்பரத்துக்குத் தெற்கே வண்டிகள் குறைவு. கடற்கரையிலிருந்து வரும் வண்டிகளில் பெரும்பாலானவை தாம்பரத்தோடு நின்றுவிடும். செங்கல்பட்டு வண்டியை விட்டால் அடுத்ததற்குப் பிளாட்பாரத்தில் நெடுநேரம் நிற்க வேண்டும். அதனால்தான் அங்கே நிலம் மலிவு. மனை விற்றவர்களுக்கு அது நன்றாகத் தெரியும். "ஸ்டேஷனிலிருந்து ஐந்து நிமிடம்" என்று நோட்டீஸில் போடுவார்கள். எந்த வாகனத்தில் ஐந்து நிமிடம் என்று போட மாட்டார்கள்.

பஞ்சாயத்து அப்ரூவல் என்று சொல்லி, வயலிலும் ஏரிக்குப் போகும் கால்வாயிலும் கல் நட்டு விற்ற மனைகள் ஆயிரக்கணக்கானவை. பல்லாவரம் பெரிய ஏரியின் நடுவிலேயே துரைப்பாக்கம் போகும் ரேடியல் சாலை கிழித்துக்கொண்டு போகிறது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூரும் வரதராஜபுரமும் முதல் மாடி வரை தண்ணீரில் நின்றன. அடையாறு தன் பழைய இடத்தைத் தேடி வந்தது. அங்கே வீடு வாங்கியவர்கள் பேராசைக்காரர்கள் அல்லர். தாம்பரத்தில் வாங்க முடியாத ஆசிரியர்களும் டிரைவர்களும் நர்ஸுகளும்தான். 2016இல் உயர் நீதிமன்றம் அங்கீகாரமில்லாத மனைகளைப் பதிவு செய்யத் தடை விதித்தது; மறு வருடம் அரசு வரன்முறைத் திட்டம் கொண்டுவந்தது. விற்றவர்கள் எப்போதோ போய்விட்டார்கள். மனை வாங்கியவர்கள்தான் கட்டணத்தைக் கட்டினார்கள்.

பழைய மகாபலிபுரம் சாலையின் கதைக்கு வரும்போது எனக்குக் கோபம் வருகிறது. 2000 ஜூலையில் தரமணியில் டைடல் பூங்கா திறந்தது. பின்னால் சிறுசேரி சிப்காட், இடையில் வரிசையாகக் கண்ணாடிக் கட்டடங்கள். சாலையை ஆறு வழியாக்கிச் சுங்கச்சாவடி வைத்தார்கள், ராஜீவ் காந்தி சாலை என்று பெயரும் சூட்டினார்கள். லட்சக்கணக்கான பேர் வேலைக்கு வரும் அந்தச் சாலைக்கு ரயில் இல்லை. பறக்கும் ரயில் 1995இல் சேப்பாக்கம் வரை, 1997இல் மயிலாப்பூர் வரை, 2007இல் வேளச்சேரி வரை வந்தது. வேளச்சேரியையும் பரங்கிமலையையும் இணைத்திருந்தால் தாம்பரம் பாதையில் வருகிறவர்கள் அங்கே மாறியிருக்கலாம். ஐந்து கிலோமீட்டர் நீளமுள்ள அந்த இணைப்பு, ஆதம்பாக்கத்தில் ஒரு சிறு துண்டு நிலத்துக்காகப் பத்து வருடத்துக்கு மேல் நின்றது. சிறுசேரி வரை போகும் இரண்டாம் கட்ட மெட்ரோவுக்கு அடிக்கல் நாட்டியது 2020 நவம்பரில். டைடல் திறந்து இருபது வருடம் கழித்து.

குழாய்த் தண்ணீரும் அப்படியே. அந்தச் சாலை அடுக்குமாடிகள் பெரும்பாலும் லாரித் தண்ணீரில் வாழ்ந்தன. 2019 கோடையில் ஏரிகள் வற்றியபோது, சில நிறுவனங்கள் ஊழியர்களை வீட்டிலிருந்தே வேலை செய்யச் சொன்னதைப் பத்திரிகைகளில் படித்தோம். பக்கத்திலேயே பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம், மழை நீரைத் தாங்க இயற்கை கொடுத்த இடம், குப்பைமேடும் கட்டடங்களுமாகச் சுருங்கிப் போயிருந்தது. 2022இல் அது ராம்சர் பட்டியலில் சேர்ந்ததில் எனக்கு உண்மையான சந்தோஷம், மிச்சமிருப்பதாவது மிஞ்சும் என்று.

அதே சாலையில் விலை கொடுத்து வராமல், கொண்டுவந்து விடப்பட்டவர்களும் இருக்கிறார்கள். 2000 வாக்கில் தொடங்கி, நகருக்குள் கூவம், பக்கிங்காம் கால்வாய் ஓரங்களில் இருந்த குடும்பங்களை ஒக்கியம் துரைப்பாக்கத்தில் கண்ணகி நகர், பிறகு செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என்று குடிமாற்றினார்கள். மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் வீட்டு வேலை செய்த பெண்கள் ஒரே நாளில் இருபது கிலோமீட்டர் தள்ளிப் போனார்கள். என் தோழி வீட்டில் வேலை செய்தவர் செம்மஞ்சேரிக்குப் போன பிறகு மூன்று மாதம் பஸ்ஸில் வந்து பார்த்தார். காலையில் சமையலுக்கு முன் வந்து சேர, விடியுமுன் கிளம்ப வேண்டும். சம்பளத்தில் பாதி டிக்கெட்டுக்குப் போனது. நின்றுவிட்டார். அப்பாவுக்கு 1960களில் ஒரு சீசன் டிக்கெட் கொடுத்த வாழ்க்கையை இந்தப் பெண்ணுக்கு 2000க்குப் பிறகு இந்த நகரத்தால் கொடுக்க முடியவில்லை. புறநகர் வரலாற்றை எழுதுகிறவர்கள் இதை ஓரத்தில் ஒரு குறிப்பாக விட்டுவிடக் கூடாது.

என் பெண்ணும் மாப்பிள்ளையும் கூடுவாஞ்சேரியில் அடுக்குமாடியில் வீடு வாங்கியிருக்கிறார்கள். இரண்டு பேர் சம்பளத்தையும் காட்டி, இருபது வருடத் தவணைக் கடன். அதில் அவர்களுடைய பிரிக்கப்படாத பாகமாக வரும் நிலம் கால் கிரவுண்டுகூட இல்லை. மாப்பிள்ளை கிண்டிக்கு மின்சார ரயிலில் போகிறார். அவருக்கு நேரமும் செலவும் ஓரளவு கணக்குக்குள் அடங்குகிறது. பெண்ணுக்குச் சிறுசேரியில் வேலை. வண்டலூர்–கேளம்பாக்கம் சாலைதான் வழி. கம்பெனி கேப் நின்ற பிறகு ஸ்கூட்டர், மழை வந்தால் ஷேர் ஆட்டோவும் பஸ்ஸும் மாறி மாறி. ஒரே வீட்டிலிருந்து கிளம்பும் இரண்டு பேரில் ஒருவருக்கு 1931ஆம் வருடத்துப் பாதை இருக்கிறது. இன்னொருவருக்கு இருபத்தோராம் நூற்றாண்டின் சாலை மட்டும். அவர்கள் மாதக் கணக்கில் பெட்ரோல், வண்டி சர்வீஸ், குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் கிரெஷ்ஷில் கூடுதல் நேரக் கட்டணம், தண்ணீர் லாரி என்று வரி மேல் வரி. அப்பாவின் நோட்டில் ஒற்றை வரியாக இருந்தது இது. வீடு விலை ஏறியதைப் பற்றி எல்லாரும் பேசுகிறார்கள். அதைவிட இந்தக் கூடுதல் வரிகள்தான் இளம் குடும்பங்களை அரிக்கின்றன.

பழைய பாதையும் இப்போது தன் சக்திக்கு மேல் சுமக்கிறது. 2018 ஜூலை 24 அன்று காலை, கம்பி அறுந்து வண்டிகள் தடைப்பட்டு, கூட்டம் வழிந்த ஒரு வண்டியை விரைவுப் பாதையில் விட்டார்கள். பரங்கிமலையில் அந்தப் பாதையை ஒட்டியிருந்த சுவரில் மோதி, படியில் தொங்கியவர்கள் செத்துப்போனார்கள். வேலைக்கும் கல்லூரிக்கும் போன இளைஞர்கள். அந்த ஸ்டேஷன் வரும்போது இன்றும் நான் படியில் நிற்கும் பையன்களை உள்ளே வரச் சொல்கிறேன். சிலர் வருகிறார்கள். 2025 ஏப்ரலில் கடற்கரை–செங்கல்பட்டு இடையே குளிர்சாதன வண்டி வந்தது. கதவு மூடிக்கொள்ளும் வண்டி என்பதால் அதை வரவேற்கிறேன். ஆனால் செங்கல்பட்டுக்கு வேண்டியது இன்னும் நிறையச் சாதாரண வண்டிகள்.

2021இல் பல்லாவரமும் குரோம்பேட்டையும் தாம்பரமும் சேர்ந்து தாம்பரம் மாநகராட்சி ஆயின. 2022இல் சென்னைப் பெருநகர்ப் பகுதியை 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 சதுர கிலோமீட்டராக விரிப்பதாக அரசு அறிவித்தது. 2023 டிசம்பர் 30இல் வண்டலூருக்கும் ஊரப்பாக்கத்துக்கும் இடையே கிளாம்பாக்கத்தில் தென்மாவட்டப் பேருந்து முனையம் திறந்தது. ரயில் பாதை அதன் அருகிலேயே போகிறது. ஆனால் திறந்த நாளில் அங்கே ரயில் நிலையம் கிடையாது. மதுரையிலிருந்தும் திருநெல்வேலியிலிருந்தும் விடிகாலையில் வந்து இறங்கியவர்கள், பெட்டியோடும் பிள்ளைகளோடும் மாநகரப் பேருந்தைத் தேடினார்கள்.

மாப்பிள்ளையின் தம்பி இப்போது சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் மனை பார்க்கிறான். "அத்தை, ஸ்டேஷனுக்குப் பதினைஞ்சு நிமிஷ நடைதான், நானே நடந்து பார்த்துட்டேன்" என்றான். நடந்து பார்த்தானே என்று நிம்மதியாக இருந்தது. மனைக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று கேட்டேன். ஏரி, நல்ல காற்று வரும் என்றான். வில்லங்கச் சான்றிதழ் மட்டும் போதாது, தாலுகா ஆபீஸில் புலப்படத்தையும் அ-பதிவேட்டையும் பார்த்து, அந்த சர்வே எண் ஒரு காலத்தில் நீர்நிலையா கால்வாயா என்று தெரிந்துகொள்ளும் வரை முன்பணம் கொடுக்காதே என்று சொல்லியிருக்கிறேன். வருகிற திங்கட்கிழமை நானும் கூடப் போகிறேன்.